காரணம்: தெரியவில்லை

நெடுந்தீவு
09.02.2024

அன்புள்ள ஜோசப்பின்,

சுகம்தானே? நம் கடற்பசுப் பதிவு வலையமைப்பின் மின்னஞ்சலைப் பல நாட்டவரும் படிப்பார்கள். அதனால் தபாலில் எழுதுகிறேன்.

மேற்குக் கரையில் கடற்பசுக் குட்டியொன்று செத்து ஒதுங்கியது. வாயில் கடற்புல் இருந்தது. வால் பக்கத்தில், கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையின் கயிறு அறுத்த வெட்டு. முதல் நாள் உங்கள் பாம்பன் கரைப் படகுகள் அந்தக் கடற்புல்வெளியில் மடி இழுத்ததை எங்கள் ஊர் மீனவர் யாக்கோப்பு அண்ணை கண்டவர். வலையமைப்புக்கு அனுப்பிய பதிவில் காரணத்தைத் தெளிவாக எழுதியிருக்கிறேன்.

நான் படமெடுக்க அவர் கேட்டார்: "ரீச்சர், உந்தப் படத்தைக் காட்டினா இழுவைமடிக்காரன் திரும்பிப் போயிடுவானோ?"

"ஓம், போவான்."

"அப்ப இன்னும் நாலு எடுங்கோ!"

ஒரு பதிவு போதும், இரு நாடும் சேர்ந்து அந்தப் புல்வெளியைக் காக்கலாம் என்று பயிற்சியில் நீர்தானே சொன்னீர்?

உமது,
சுமித்திரா


பாம்பன்
11.03.2024

அன்புத் தோழி சுமித்திரா,

நமக்கு நடுவே கிடப்பது சில மணி நேரக் கடல். உங்கள் கடிதமோ கொழும்பு, சென்னை எல்லாம் பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

நீங்கள் கேட்கும் முன் நானே சொல்கிறேன். உங்கள் பதிவில் 'காரணம்: தெரியவில்லை' என்று மாற்றியது நான். இரண்டு நாட்டுப் பக்கமும் கையெழுத்திடாமல் எதுவும் வலையமைப்பின் வரைபடத்தில் ஏறாது. இழுவைமடி என்ற சொல் இருந்தால் எங்கள் பக்கம் கையெழுத்து விழாது. குட்டி இறந்ததாவது பதிவில் இருக்கட்டுமே.

என் தம்பி கிளாட்வின் அப்படிப்பட்ட படகில்தான் போகிறான். அவனுக்காக மாற்றவில்லை.

அன்புடன்,
மேரிஜோசப்பின்


நெடுந்தீவு
20.04.2024

ஜோசப்பின்,

தம்பிக்காக மாற்றியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். நானும் அக்காதான்.

'கண்டவர்: சுமித்திரா. காரணம்: தெரியவில்லை.' விலங்கியல் படிப்பிக்கிறவளுக்குத் தெரியவில்லையாம். திருத்தும், இல்லாவிட்டால் என் பெயரை எடுத்துவிடும். இனி இங்கிருந்து பதிவு வராது.

கோபம் உம்மில் மட்டுமல்ல. "போவான்" என்று அண்ணைக்கு அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேனே, அந்த நிச்சயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

சுமித்திரா


பாம்பன்
03.02.2025

அன்பு சுமித்திரா,

பெயரை எடுத்தேன். பெயரில்லாத பதிவு செல்லாது என்று முழுவதையும் நீக்கிவிட்டார்கள். இப்போது வரைபடத்தில் நெடுந்தீவைச் சுற்றி வெறும் நீலம். 'இங்கே கடற்பசு இல்லை' என்று அடுத்த கூட்டத்தில் எழுதப் போகிறார்கள். எழுதிவிட்டால் புல்வெளியைக் காக்கும் பேச்சும் முடிந்தது. நான் சொல்லிப் பார்த்தேன், கேட்பாரில்லை.

ஒரே ஒரு பதிவு அனுப்புங்கள். நீங்கள் எழுதும் காரணத்தில் இந்த முறை நான் கைவைக்க மாட்டேன். என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

காத்திருக்கும்,
ஜோசப்பின்


நெடுந்தீவு
02.03.2025

ஜோசப்பின்,

கடிதம் கிடைத்த மறுநாளே யாக்கோப்பு அண்ணையின் படகில் அந்தப் புல்வெளிக்குப் போனேன். எழுதவேண்டும் என்றுதான் போனேன்.

கடல் படுத்துக் கிடந்தது. அடிவரை தெரிந்தது. புல் இல்லை. உழுத வயல்போல மணலில் நீள நீளக் கோடுகள். பொழுது சாயும்வரை இருந்தோம். மூச்செடுக்க ஒன்றும் மேலே வரவில்லை.

"வாங்கோ ரீச்சர், போவம்" என்றார் அண்ணை. "இனி அதுகள் என்னத்தைத் தின்னவெண்டு வருங்கள்?"

அவர்கள் எழுதப்போவது உண்மைதான். நீரும் கையெழுத்திடலாம்.

சுமித்திரா