விடுதலை என்று சொல்லி வாங்கிய கைநாட்டு

நைனா, இன்று மந்தைவெளி ரேஷன் கடையில் மை டப்பியை என் பக்கம் தள்ளி, "கைநாட்டா பாட்டி?" என்று கேட்டார் கடைக்காரர். மூடியைத் திறந்ததும் வந்த வாசனை என்னைச் சாந்தோமுக்கு இழுத்துப் போய்விட்டது. உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளுக்கு.

புருஷனைப் பறிகொடுத்துக் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கே வந்த எனக்கு மாடி அறையைக் கொடுத்தீர்கள். நீங்கள் படுத்த பிறகு இரண்டு வருடம் கஞ்சி ஊட்டியவள் நான். சிந்தாதிரிப்பேட்டையில் இருந்த அண்ணன் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவான்.

"மாடி எனக்குன்னு ஒரு வரி எழுதி வெச்சிடுங்க நைனா" என்று மூன்று தரம் கேட்டேன். மூன்றாம் தரம் கஞ்சித் தட்டைத் தள்ளிவிட்டீர்கள்.

"உயில் எழுதினா சாவு வாசல்ல வந்து நிக்கும்டீ. உங்கண்ணன் உன்னை விட்ருவானா இன்னா?"

நீங்கள் எழுதவில்லை. சாவு எழுதாமலே வந்தது.

வெள்ளைக்காரன் போன வருடம் அது. தெருவெல்லாம் விடுதலை, விடுதலை என்று ஒரே பேச்சு. அண்ணன் ரிக்‌ஷா வைத்து என்னைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போனான்.

"இன்னாண்ணே இது?"

"விடுதலைப் பத்திரம். வூட்டு மேல ஒரு வில்லங்கமும் வராது. விரலை வை."

நல்ல வார்த்தைதானே என்று சிரித்துக்கொண்டே வைத்தேன். "படிச்சுக் காட்டினாங்களாம்மா?" என்று அதிகாரி கேட்டார். அண்ணன் முகத்தைப் பார்த்து, ஆமாம் என்றேன். யாரும் காட்டவில்லை. அந்தப் பொய் நான் சொன்னது. அதையும் மறக்கவில்லை.

நவம்பர் மழையில், "மாடியைக் காலி பண்ணு" என்றான் அண்ணன். பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தாவின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப் பைத்தியமே! உயில் இல்லாம செத்தா நம்ம கிறிஸ்தவங்க சட்டத்துல பொண்ணுக்கும் சரிபாதிடி. என் பங்கை விட்டுட்டேன்னு நீயே ரேகை வெச்சிட்டு வந்துகீறியே!"

எழுதாமல் போனதற்காக அதுவரை உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது தப்பு. தட்டைத் தள்ளிய கோபம் மட்டும் இன்னும் இருக்கிறது.

பல வருடம் கழித்து அண்ணன் அடக்கத்துக்குப் போய் ஒரு பிடி மண் போட்டேன். மன்னிக்கவில்லை. மகன் பம்பாயோடு போய்விட்டான். இந்த ஒற்றை அறையில் செபமாலையை நானே தொடங்கி, நானே பதிலும் சொல்கிறேன்.

மாடியை விட்டு வந்த அந்த மழைக்காலத்தில்தான் சிலேட்டு வாங்கி என் பெயரை எழுதப் பழகினேன். முதலில் உங்கள் பெயரின் முதல் எழுத்து. புருஷன் எழுத்தைப் போடத்தான் எல்லாரும் சொன்னார்கள். போடவில்லை.

இன்று மை டப்பியை மூடிக் கடைக்காரரிடமே தள்ளினேன். பேனாவை வாங்கி, உங்கள் எழுத்தை முன்னால் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அந்த எழுத்தை விடச் சொல்லி மட்டும் யாரும் என்னிடம் பத்திரம் வாங்கவில்லை நைனா.