கை கனம் என்று சொன்னாய்

நேற்று அண்ணி பரணை ஒழித்தபோது நீ செய்த ரிமோட் விமானத்தின் உடைந்த உடம்பை இறக்கி என் மடியில் வைத்தாள். மூக்கு இல்லை. ஃபைபர் நார் பிய்ந்து நீட்டிக்கொண்டிருந்தது. வால் பக்கம் மட்டும் நான் அடித்த சிவப்பு அப்படியே பளபளத்தது. அண்ணா, அதைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

மோட்டாரும் ஒயரும் உன் வேலை, பெயிண்ட் என் வேலை என்று பிரித்துக்கொண்டோம். மண்ணூர் வீட்டு மொட்டை மாடியில், அச்சிலிருந்து ஒட்டி வந்த மெழுகு போகும்வரை அந்த ஃபைபர் கூட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். ஊசித் துளைகளைப் பட்டி வைத்து அடைத்தேன். பிரைமரை மெல்லிசாக அடித்து, காய்ந்ததும் அதில் பாதிக்கு மேல் உப்புத்தாளால் தேய்த்தே எடுத்துவிட்டேன். வால் கனத்தால் விமானம் விழும் என்று நீதான் சொல்லியிருந்தாயே. சிவப்பு காய்ந்த பிறகு, பேட்டரியை உள்ளே வைத்து, இறக்கைக்கு அடியில் விரல் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாய். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயாமல் நின்றது. "சூப்பரா கீதுடி" என்றாய். உன் வாயால் சொன்னது.

காய்ந்து கிடந்த ஏரியில் பறக்கவிட நம் கார் கம்பெனி பெயிண்ட் ஷாப் ஆட்களையெல்லாம் கூப்பிட்டிருந்தாய். சூப்பர்வைசரும் வந்திருந்தார். விமானம் எழும்பியது. சட்டென்று மூக்கைத் தூக்கிக்கொண்டு அண்ணாந்து நின்றது. பிறகு தலைகீழாக விழுந்தது.

நீ என் பக்கம் திரும்பினாய். "இன்னாத்துக்கு இவ்ளோ பெயிண்ட அப்பி வச்ச? வாலு வெயிட்டாயிடுச்சு பாரு." அப்புறம் சூப்பர்வைசரிடம், "இவளுக்குக் கை கனம் சார்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

அந்த மாதம்தான் லைனில் ஸ்ப்ரே கன்னை என் கையில் கொடுப்பதாக இருந்தார்கள். எங்கள் ஷிப்டில் ஒரு பெண்ணுக்கு முதல் முறையாக. சூப்பர்வைசர் உன்னைக் கேட்டார். "வேணாம் சார், டேப் ஒட்டிகினே இருக்கட்டும்" என்றாயாம். பெயிண்ட் படக்கூடாத இடத்திலெல்லாம் டேப் ஒட்டிக்கொண்டே என் வருஷங்கள் போயின. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, "உன் நல்லதுக்குத்தான்" என்றாய். மாரடைப்பில் நீ போன அன்றுகூட, ஆசையாய்ச் செய்ததை நான்தானே கெடுத்தேன் என்று உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நேற்று அண்ணி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "அது உன் பெயிண்டால வுழலம்மா. பேட்டரிக்குப் பெல்ட் போட மறந்துட்டாரு. மேல ஏறும்போது பின்னாடி சரிஞ்சிடுச்சு. அன்னிக்கே எங்கிட்ட சொன்னாரு. வெளிய தெரிஞ்சா அசிங்கமாப் பூடும், அவகிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கிகினாரு."

ஆக, உனக்குத் தெரியும். பண்டிகைக்கு என் வீட்டில் சாப்பிட்டபோதும் தெரியும். டேப் பிசின் ஒட்டிய என் விரல்களைப் பார்த்துக் கிண்டல் செய்தபோதும் தெரியும்.

இன்று காலை சூப்பர்வைசர் முன்னால் போய் நின்று கன் கேட்டேன்.

"உங்க அண்ணனே வேணாம்னாரேம்மா?"

"அவரு பொய் சொன்னாரு சார்."

பக்கத்தில் இருந்தவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. செத்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்றாள் ஒருத்தி. பேசுவேன். உயிரோடு இருந்தால் உன் முகத்துக்கு நேராகவே பேசியிருப்பேன்.

கழித்துப்போட்ட ஒரு கதவைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். அடித்தேன். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "நாளையிலேர்ந்து கன் புடி" என்றார்.

ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் போனை எடுத்து உன் நம்பரைத் தேடினேன். இதை முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது. அதற்கும் சேர்த்துத்தான் அண்ணா, உன் மேல் இவ்வளவு கோபம்.