மச்சான் வாங்கிய அடி

4-5-2003, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். குழாயைத் திறந்தால் வெந்நீர்.

காலை முழுக்க நித்யாவோடு கம்ப்யூட்டரில் கார் ரேஸ். நான் சிவப்பு வண்டி, அவள் மஞ்சள். ஒவ்வொரு முறையும் நானே முதல். பத்து வயதுப் பெண்ணுக்கு ஒருமுறை விட்டுக்கொடுத்திருக்கலாம். மனசு வரவில்லை. பிறகு அவள் கீழ் வீட்டுப் பெண்ணிடம் சொன்னது ஜன்னல் வழியே காதில் விழுந்தது. "எங்கப்பா நெஜ காரே சூப்பரா ஓட்டுவாரு. காலேஜ்லயே ஓட்னாராம்."

நான் சொன்ன பொய்தான். கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டில் சொன்னது, அப்படியே நின்றுவிட்டது. லைசென்ஸ் என்னவோ இருக்கிறது. கிளட்ச், பிரேக் எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து டிரைவிங் ஸ்கூல்காரரே மிதித்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மதியம் என் மனைவி மலரின் தம்பி பிரபு வந்தான். செங்கல்பட்டில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறான். இந்த கேமை ஏற்றிக் கொடுத்ததும் அவன்தான்.

"மாமா, ஒரு வண்டி கீது. ரிட்டயர்டு வாத்தியாரு, கண்ணு சரியில்லன்னு விக்கிறாரு. வர்ற ஞாயித்துக்கிழம நீங்களே ஓட்டிப் பாத்துடுங்க."

மலர் முகத்தில் அப்போதே காரில் போகும் ஏற்காடு தெரிந்தது. போன வருஷ ஊட்டி ரிசர்வ் பண்ணாத ரயிலில். கட்டிக்கொண்டு போன புளிசாதம், நாற்றம் பிடித்த லாட்ஜ், மலைப் பாதை பஸ்ஸில் வழியெல்லாம் நித்யாவுக்கு வாந்தி. இனி பஸ் வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டாள்.

சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

7-5-2003, புதன்

ஆபீஸ் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கவில்லை. கூட வேலை பார்க்கும் முருகேசன் சொன்னது: டயர், பேட்டரி, கதவுக்கு அடியில் துரு, ஏசி. "மொதல்ல கார்பெட்ட தூக்கிப் பாரு, கடக்கரை வண்டின்னா அங்கதான் தெரியும்."

டிரைவிங் ஸ்கூலுக்கு மறுபடி போக வெட்கம். எங்கள் அணுபுரம் குடியிருப்பில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

சாயங்காலம் நாற்காலிக்குக் கீழே மூன்று செருப்பை வரிசையாக வைத்துப் பழகினேன். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர். நித்யா வந்து நின்றாள்.

"இன்னாப்பா பண்றே?"

"கால் வலிக்கு எக்சர்சைஸ்."

இன்னொரு பொய்.

11-5-2003, ஞாயிறு

எழுதாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன். முடியவில்லை.

வாத்தியார் தங்கமான மனிதர். வண்டி துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி. துரு இல்லை. ஊருக்கு வெளியே வரை அவரே ஓட்டிவந்தார். திருக்கழுக்குன்றம் சாலையில் ஓரமாக நிறுத்தி, இறங்கிச் சாவியை என் கையில் கொடுத்தார். பின் சீட்டில் பிரபு, நித்யா. மலர் தன் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள். நல்லவேளை என்பதா?

இரண்டு முறை ஆஃப் ஆனது. "கைக்குப் புது வண்டின்னா அப்படித்தான் சார்" என்றார் வாத்தியார். பிறகு ஓடியது. நன்றாகவே ஓடியது. "ஸ்பீடாப் போப்பா!" என்றாள் நித்யா. போனேன்.

எதிரே லாரி. இடது பக்கம் ஒடித்தேன். அங்கே பனை ஓலைப் பந்தல், நுங்குக் கடை. பிரேக் என்று நினைத்து மிதித்தது பிரேக் இல்லை.

பந்தல் சரிந்து வண்டிமேல் விழுந்தது. கடைக்கார அம்மா ஒதுங்கத்தான் செய்தார், ஆனாலும் டயர் பாதத்தில் ஏறிவிட்டது. நித்யாவுக்கு முன் சீட்டில் மோதி உதடு கிழிந்தது. நுங்கு உருண்டு ரோடெல்லாம்.

இறங்கி நித்யாவைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கொல்லையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அந்த அம்மாவின் மகன் முன்னால் வந்தான், கையில் நுங்கு வெட்டும் கத்தி.

"வண்டிய எவன்டா ஓட்னது?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் நித்யாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான்தாண்ணா" என்றான் பிரபு.

அந்த மகன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவனை அறைந்தான். சட்டையைப் பிடித்து மறுபடியும். பிரபு கையைக்கூடத் தூக்கவில்லை.

நான் அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். வாய் வரவில்லை. நித்யா என் தோளில் இருந்தபடி என் முகத்தையே பார்த்தாள்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி. பாதத்தில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு. வராந்தாவில் பிரபு காதருகே வந்து சொன்னான், "நீங்க கவர்மெண்ட் வேலைல கீறீங்க. கேஸு கீஸுன்னா பேஜாரு மாமா. உடுங்க." கன்னத்தில் விரல் தடம்.

விட்டேன்.

12-5-2003, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று லீவு.

மலர் போனில் தம்பியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். "உன்ன யாருடா ஓட்டச் சொன்னது? அவரு ஓட்டிப் பாக்கத்தான வந்தாரு? கேம் ஆட்ற நெனப்புல ஓட்னியா?" பக்கத்து அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாமனார் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாராம். அவர் கண்ணில் அவன் எப்போதும் உருப்படாதவன். எல்லோரும் உடனே நம்பிவிட்டார்கள். அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. எழுதும்போதே கூசுகிறது.

நித்யா உதடு வீங்கி, கஞ்சி மட்டும். கம்ப்யூட்டரைப் போட்டு, "வரியா?" என்றேன்.

"நீயே ஆடுப்பா."

15-5-2003, வியாழன்

அரை நாள் லீவு. பிரட், சாத்துக்குடி. பஸ் பிடித்து நுங்கு விற்கும் அம்மாவின் வீடு. வாசலில் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். அன்று வண்டியை ஓட்டியது நான் என்று சொன்னேன்.

"தெரியுமே. நேரா என்னப் பாத்துகினுதான வந்தே."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"நான் கால் போச்சேன்னு கத்திகினு கெடந்தேன். வாய் உனக்கு இருந்துச்சில்ல?" கட்டுப் போட்ட காலைச் சற்று நகர்த்தி வைத்தார். "அந்தப் புள்ள தெனம் வருது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவுது. பந்தலக்கூட அதுதான் கட்டிக் குட்த்துச்சி. எம்மவன் வர்ற நேரம், நீ கெளம்பு."

கிளம்பினேன். மெதுவாக நடக்க வேண்டும் என்று நினைத்தேன். கிட்டத்தட்ட ஓடினேன்.

16-5-2003, வெள்ளி

மலரிடம் சொல்லிவிட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"நித்யா வண்டிலதான இருந்தா?"

"ஆமா."

"நானும் நாலு தடவ கேட்டேன், மாமாவா ஓட்னான்னு. ஆமான்னா." கீரையைத் தள்ளி வைத்தாள். "உங்களுக்காகக் கொழந்த பொய் சொல்லிகினு இருந்தாளா?"

வாத்தியார் வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறதாம், பிரபுதான் அலைகிறானாம். அப்பாவுக்கு முன்னால் நீங்களே வந்து சொல்லுங்கள் என்றாள். பிறகு இன்று முழுக்கப் பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும் மேஜையில்.

18-5-2003, ஞாயிறு

மூவரும் செங்கல்பட்டு. பஸ்ஸில் கூட்டம், நின்றுகொண்டே. என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை.

மாமனார் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிரபு கீழே உட்கார்ந்து எதையோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். வண்டி ஓட்டத் தெரியாது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அடி வாங்கியபோது பார்த்துக்கொண்டு நின்றது வரை. நித்யா கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உடுங்க மாமா" என்று பிரபு இரண்டு முறை சொன்னான். விடவில்லை, முழுக்கச் சொன்னேன்.

மாமனார் பேப்பரை மடித்தார். காறித் துப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"மாப்ள மொதல்ல ஒக்காருங்க. மலரு, காப்பி போடு." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "ஏன்டா, மாப்ளைக்கு ஓட்டத் தெரியுமா தெரியாதான்னு கேக்காம வண்டிய குட்ப்பியா? அறிவு வேணாம்? எல்லாம் உன்னாலதான்."

மலர் சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

பிரபு எழுந்து டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தான். நித்யா போய் அவனை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.