இரண்டாயிரத்து நூறு அடி

1976 ஜூன் 3, வியாழன்

நான்காம் அத்தியாயத்தை மூன்றாவது தடவையாகப் படித்தேன். விமானம் எவ்வளவு தூரம் ஓடினால் எழும்பும் என்பதுதான் மொத்தப் பாடமும். வெயில் ஏறினால் காற்று மெலிந்துவிடுகிறது. இறக்கைக்குப் பிடிமானம் குறைகிறது, என்ஜினுக்கும் மூச்சு போதவில்லை. ஓட்டம் நீளுகிறது. பத்து டிகிரி கூடினால் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு கூடும். எடை பத்தில் ஒரு பங்கு கூடினால் தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். பின்பக்கமிருந்து காற்றடித்தால் இன்னும் மோசம்.

ஏப்ரலில் இந்தத் தாளில்தான் ஆறு மார்க்கில் போனேன். ஜூலை இருபதில் மறுபடி எழுதணும். இதிலும் போனால் சர்க்கார் உதவித்தொகை நின்றுவிடும். அறுபத்திரண்டு மணி நேரம் பறந்ததெல்லாம் அத்தோடு சரி.

நைனா கழனியிலிருந்து வந்து, "இன்னும் அதே பொஸ்தகமா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் கால் கழுவப் போனார், நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

ஜூன் 5, சனி

மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பில் நான் திருப்புலிவனம் காலனிக்காரன். இங்கே, பிளேன் ஓட்டப் போய்த் திரும்பி வந்தவன். எங்கேயும் யாரோடும் சேர்த்தி இல்லை.

பக்கத்து வீட்டு அம்முலு அக்கா மட்டும்தான் பாடத்தைப் பற்றிக் கேட்கிறாள். இன்று களை எடுக்கப் போகும் வழியில் நின்று, "அவ்ளோ கனம் கீதே, ஏன் தம்பி கீழ வுழல?" என்றாள். சொன்னேன். என் தங்கை பாஞ்சாலி நேரமாச்சு என்று கையைப் பிடித்து இழுத்தும், முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

ஜூன் 9, புதன்

நம்பவே முடியவில்லை. விமானம் இங்கேயே வந்திருக்கிறது.

நெல்லில் புகையான் பூச்சி விழுந்து வயல் வயலாகக் கருகுவதால், வேதாசலமும் மற்ற நிலக்காரர்களும் சேர்ந்து மருந்து தெளிக்கும் கம்பெனி ஒன்றை வரவழைத்திருக்கிறார்கள். மாடு மேய்க்கும் பொறம்போக்கைச் சமன் செய்து ஓடுபாதை போட்டாகிவிட்டது. விமானத்தில் ஒரே இருக்கை, மூக்குக்குப் பின்னால் மருந்துத் தொட்டி. ஊரே போய் நின்றது. நானும் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். நான் பைலட் மாணவன் என்று அதை ஓட்டி வந்த கேப்டனிடம் போய்ச் சொல்ல நினைத்தேன். எந்தப் பாடம் வரை முடித்தாய் என்று கேட்டால்?

ஜூன் 10, வியாழன்

கொடி பிடிக்கும் வேலைக்குக் காலனியிலிருந்து நான்கு பேரை எடுத்தார்கள். நானும் ஒருவன். வயலின் கோடியில் வெள்ளைக் கொடியோடு நிற்கணும். விமானம் கொடியைக் குறிவைத்து வந்து தலைக்கு மேல் எழும்பும். உடனே ஏழு தப்படி நகரணும். மத்தியானத்தோடு வேலை முடிந்தது. சாயங்காலம் வரை சட்டையெல்லாம் மருந்து நாற்றம்.

கேப்டன் வடக்கத்திக்காரர். நன்றாக ஓட்டுகிறார். திருப்பங்களில் மனுஷன் சறுக்குவதே இல்லை. அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது, உண்மையைச் சொன்னால்.

ஜூன் 11, வெள்ளி

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது ஓடுபாதையை நடந்து அளந்தேன். கிழக்கே ஏரிக்கரை. அங்கேதான் மருந்து ஏற்றுகிறார்கள், அங்கிருந்து மேற்கே ஓடித்தான் விமானம் எழும்புகிறது. மேற்கே பனைமரங்கள். கரையிலிருந்து பனை வரை இரண்டாயிரத்து நூறு அடி. பனை எப்படியும் ஐம்பது அடி உயரம்.

விமானத்தின் கையேடு மருந்து ட்ரம் மேல் திறந்து கிடந்தது. முழுப் பாரத்தோடு, நல்ல தரையில், பதினைந்து டிகிரிக் குளிரில், காற்றில்லாமல், ஐம்பது அடி உயரத் தடையைத் தாண்ட ஆயிரத்து நானூறு அடி.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். இங்கே நாற்பது டிகிரிக்குக் குறையவில்லை. அதற்கு முந்நூற்று ஐம்பது சேர்த்தால் ஆயிரத்து எழுநூற்று ஐம்பது. தரை புழுதி, ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் சரியாக இரண்டாயிரத்து நூறு. காலையில் மேற்கேயிருந்து காற்று முகத்துக்கு நேரே அடிக்கிறது, அதனால்தான் தப்பிக்கிறார். நாளையிலிருந்து சாயங்காலமும் தெளிப்பார்களாம், அந்நேரம் கிழக்கேயிருந்து கடல்காற்று திரும்பிவிடும். அது முதுகில் அடிக்கும். அப்போது இரண்டாயிரத்து ஐந்நூறு வேண்டும்.

நானூறு அடி இல்லை.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். பாதித் தொட்டிதான் ஏற்றணும், இல்லையென்றால் காலையோடு நிறுத்தணும். நாளைக்குக் கேப்டனிடம் சொல்லிவிட வேண்டும். ஃபெயிலானவன் போட்ட கணக்கு — தப்பாக இருந்தால்?

ஜூன் 13, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் ஓடுபாதைக் கொட்டகைக்குப் போனேன். கேப்டன் டீ குடித்துக்கொண்டிருந்தார். கணக்குத் தாள் என் பையில். இங்கிலீஷில் எப்படி ஆரம்பிப்பது என்றுகூட மனசில் சொல்லிப் பார்த்திருந்தேன். வேதாசலம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடா, கொடிய வுட்டுட்டு இங்க இன்னா வேல?"

"தண்ணி குடிக்க வந்தேங்க" என்றேன்.

அவ்வளவுதான். தண்ணீரும் குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

நாலரை மணி இருக்கும். என் கையில் இருந்த கொடி அதுவரை கிழக்கே பார்த்துப் படபடத்தது, மெல்லத் தொய்ந்தது, பிறகு மேற்கே திரும்பியது. கடல்காற்று. நான் அரை மைல் தள்ளி இருந்தேன். விமானம் ஏரிக்கரையிலிருந்து கிளம்பியது. புழுதி ஓடிக்கொண்டே இருந்தது. எழும்பவில்லை, எழும்பவில்லை. பனைக்குக் கிட்டே வந்து எழும்பியது. உடனே வயிற்றுக்குக் கீழே மஞ்சளாக ஒரு திரை விழுந்தது. தொட்டியைத் திறந்துவிட்டார். பாரம் குறைந்ததும் பனை மட்டைகளை உரசிக்கொண்டு விமானம் தப்பியது.

மொத்த மருந்தும் பனைக்கு அந்தப் பக்கக் கழனியில் விழுந்தது. அங்கே அம்முலு அக்காவும் பாஞ்சாலியும் களை எடுத்துக்கினு இருந்தாங்க. எனக்குத் தெரியாதா? தெரியும். காலையில் அந்தப் பக்கம் போனதைப் பார்த்தேனே.

நான் ஓடிப்போய்ச் சேரும்போது அக்கா வரப்பில் குப்புறக் கிடந்தாள். வாயெல்லாம் நுரை. பாஞ்சாலி வாந்தி எடுத்துக்கொண்டே, "கண்ணு தெரியலண்ணா" என்றாள். வேதாசலத்தின் டிராக்டரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ட்ரம்மிலிருந்த மருந்தின் பேரைச் சீட்டில் எழுதிக் கொண்டுபோனதால் டாக்டர் உடனே விஷமுறிவு ஊசி போட்டார். பாஞ்சாலிக்குப் பார்வை தெளிந்துவிட்டது. அக்காவுக்கு இன்னும் நினைவு வரவில்லை.

ஜூன் 15, செவ்வாய்

அம்முலு அக்கா விடியற்காலையில் போய்விட்டாள்.

ஜூன் 21, திங்கள்

மெட்ராஸிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். என்ஜின் சக்தி திடீரென்று குறைந்தது என்று கேப்டன் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வேதாசலம் காலையிலேயே நைனாவைக் கூப்பிட்டுச் சொல்லியனுப்பினார். நைனா என்னிடம் வந்து, "உனுக்கு எதுக்குடா இந்தப் பேஜாரு? பார்த்தேன்னு மட்டும் சொல்லு. நாம அவர் கழனியிலதான் கீறோம்" என்றார்.

நான் கணக்குத் தாளை அதிகாரியிடம் கொடுத்தேன். அதிகாரி நிதானமாகப் படித்தார். அவரே பென்சிலால் ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

"எங்கே படித்தாய் இதை?"

சொன்னேன்.

"எப்போது போட்ட கணக்கு?"

"முந்தின நாள் சார்."

அவர் தலை நிமிர்ந்தார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்ற கேள்வி வரும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தாளை மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டார். கேட்டிருக்கலாம்.

ஜூன் 24, வியாழன்

நைனாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கப் போகிறார். என்னிடம் பேசுவதில்லை.

ஜூன் 27, ஞாயிறு

அக்காவின் புருஷன் ஏசுதாஸ் மாமாவிடம் போய்ச் சொன்னேன். ஜெபம் முடிந்து எல்லோரும் போகிற வரை வெளியே நின்றேன்.

பனையைத் தாண்டாது என்று முந்தின நாளே தெரியும், கேப்டனிடம் சொல்லப் பயந்துவிட்டேன் என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமா கேட்டார்:

"தொரகிட்ட சொல்றதுக்குப் பயம், சரி. அவகிட்ட சொல்றதுக்கு இன்னாடா பயம்? அந்தப் பக்கம் போவாதக்கான்னு ஒரு வார்த்த. போயிருக்க மாட்டாளே. உன் பேச்சக் கேக்குறவதானே அவ."

இத்தனை நாளும் அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. இங்கிலீஷ் வாக்கியத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெயில், எடை, காற்று, பனையின் உயரம், எல்லாம் கணக்கில் இருந்தது. பனைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பது இல்லை. அவளுக்குச் சொல்வதும் ஒரு சொல்வதுதான் என்று எனக்கு ஏன் தோணல?

ஜூலை 20, செவ்வாய்

எழுதினேன். எல்லாக் கேள்வியும் தெரிந்தது. அதில் சந்தோஷம் எதுவும் இல்லை.

செப்டம்பர் 9, வியாழன்

பாஸ். எண்பத்தெட்டு. பாஞ்சாலி கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு அழுதாள். நைனா மில்லிலிருந்து வந்து கேட்டுவிட்டு, "எப்போ கெளம்பற?" என்றார். மூன்று மாதத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. ராத்திரியே கிளம்பினேன், பஸ் ஏறும்போது பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

ஏசுதாஸ் மாமா வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

1977 மார்ச் 26, சனி

மெட்ராஸ். இன்று முப்பத்தாறு டிகிரி.

கூடப் படிக்கிறவன் மத்தியானம் தன் அத்தை கோவிந்தம்மாளை அழைத்து வந்திருந்தான். லைசென்ஸ் வாங்கியதும் மேலேயிருந்து பட்டணத்தைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். இன்றைய பயணத்துக்கு நானும் அவனும்தான் போவதாக இருந்தது. டாங்க் நிரப்பியாகிவிட்டது. இந்த வெயிலில் மூன்றாவது ஆளையும் ஏற்றினால் கணக்கு உதைக்கும் என்றேன். "உன் கணக்கைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு, எவ்வளவோ பேர் போயிருக்கிறார்கள்" என்றான்.

அந்த அம்மாள் புதுப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நேராக அவரிடமே போனேன். வெயில் நேரத்தில் காற்று மெலிசாக இருக்கும், மூன்று பேர் பாரத்தை அது சரியாகத் தாங்காது, இப்போது ஏற வேண்டாம் என்று சொன்னேன். அவர் கையை நெற்றிக்கு மேலே வைத்து ஓடுபாதையைப் பார்த்தார்.

"அப்போ காலம்பற வந்தா காத்து கெட்டியா இருக்குமா தம்பி?"

"இருக்கும்மா. டாங்கியிலயும் பாதிய எறக்கிடலாம்."

"செரி, நாளைக்கே வரேன்."

அவன் அத்தையை அழைத்துக்கொண்டு போய்விட்டான். இன்னும் என்னிடம் பேசவில்லை. இரவு மெஸ்ஸில் வேறு மேஜைக்குப் போய் உட்கார்ந்தான். மற்றவர்களும் அங்கேதான் போனார்கள். நான் சாப்பிட்டுவிட்டு வந்து காலை ஆறு மணிக்கான கணக்கைப் போட்டு வைத்தேன். மூன்று பேர், பாதி டாங்க். தாராளமாக எழும்பும்.