காயுமா என்று நீ கேட்டாய்

இன்று காலை நம் மூலிகை மருந்துக் கம்பெனியில் கொதிகலன் மூடியைத் திறந்ததும் கீழாநெல்லி வாசனை எங்கள் ஆய்வகம் வரைக்கும் வந்துவிட்டது. தழை வேகும் அந்தக் கசப்பு வாசனை உனக்கு ஆகாது. "பேக்கிங்ல நிக்கிற எனக்கே கொமட்டுது, இதைக் குடிக்கிற எலி பாவம் கணே" என்பாய், 'அடியே' என்பதற்கு உன் கன்னடச் சொல்லைச் சேர்த்து. என் துப்பட்டாவிலும் அந்த வாசனை ஏறியிருந்தது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

நீ தளியில் பிறந்தவள், வீட்டில் கன்னடம். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க ஓசூருக்கு வந்தவள். கம்பெனி பஸ்ஸில் உன் பக்கத்து இருக்கைதான் என் கன்னடப் பள்ளிக்கூடம். 'நாயி மனெ காயுத்தெ' என்றாய் ஒருநாள். நாய் எதற்கு வீட்டில் காய்கிறது, துணியா அது என்று நான் கேட்க, பஸ்ஸே சிரித்தது. கன்னடத்தில் 'காயு' என்றால் காவல் காப்பது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாய். அதன் பிறகு அந்த அரைகுறைக் கன்னடத்தை வைத்துக்கொண்டு நான் போட்ட ஆட்டம் கொஞ்சமல்ல.

ரத்ததான முகாமில்தான் உனக்கு மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பது தெரிந்தது. கல்லீரலில் தழும்பு விழ ஆரம்பித்திருக்கிறது, தினமும் ஒரு மாத்திரை, விடவே கூடாது என்று கிருஷ்ணகிரியில் டாக்டர் சொல்லி அனுப்பினார். நீ என்னைத் தவிர வெளியாள் யாரிடமும் சொல்லவில்லை. "சாராயத்தை மோந்துகூடப் பாக்காதவளுக்கு ஈரலு கெட்டுப்போச்சுன்னா எவ நம்புவா?"

எங்கள் ஆய்வகத்தில் அப்போது கீழாநெல்லிச் சாற்றைப் பற்றித்தான் பேச்சு. எலிகளுக்கு முதலில் சாற்றைக் கொடுத்துவிட்டு, பிறகு ஈரலைக் கெடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். சாறு குடித்த எலிகளுக்குத் தழும்பு குறைவு. வெள்ளம் வருமுன் அணை போடுகிற கதைதான். கேன்டீனில் அதை நான் பெருமையாக அளந்துகொண்டிருந்தபோது நீ தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாய்: "இதைக் குடிச்சா என் ஈரலு காயுமா?"

"காயும். நல்லாக் காயும்" என்றேன்.

உன் பாஷையில் பதில் சொல்லிவிட்ட பூரிப்பு எனக்கு. ஈரலைக் காக்கும் என்று நான் சொன்னேன். எலியைக் காத்தது மனுஷியைக் காக்குமா என்பதே யாருக்கும் தெரியாது, அதையும் விழுங்கிவிட்டுத்தான் சொன்னேன். நீ கேட்டதோ நல்ல தமிழில். புண் காய்கிற மாதிரி உள்ளே இருக்கிற தழும்பு காய்ந்துவிடுமா என்று. ஏழு மாதம் தினமும் சாறு குடித்தாய், மாத்திரையை நிறுத்திவிட்டாய். நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"நீதானே காயும்னு சொன்னே?"

"காக்கும்னு சொன்னேன்டி. உங்க கன்னடத்துல."

என்னையே பார்த்தாய். பிறகு, இருந்த கொஞ்சம் மூச்சில் சிரித்தாய். "நான் உன் பாஷையில கேட்டேன். நீ என் பாஷையில பதில் சொல்லிட்டே. ஆயித்து, பிடு." முடிந்தது, விடு என்கிறாய். எனக்கு விட முடியவில்லை. சுவர் பக்கம் திரும்பி அழுதேன். நீதான் என்னைத் தேற்றினாய். "எலிக்கு மருந்து முந்தி வந்துச்சு, விஷம் பிந்தி வந்துச்சு. எனக்கு விஷம் முந்திக்கிச்சு கணே."

சாற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. ஒருநாள் அது நாலு பேர் ஈரலைக் காக்கவும் கூடும். என் வாய் மேல்தான் கோபம். இப்போது யாராவது சாறு கேட்டால், டாக்டர் என்ன மாத்திரை கொடுத்திருக்கிறார், அதை விடாமல் போடுகிறீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

உன் மகளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தோம். கிருமி இல்லை, தடுப்பூசியும் போட்டாயிற்று. ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடுகிறார்கள். பிடிவாதக்காரி, மாத்திரையைத் தானே நிறுத்திக்கொண்டாள், யார் சொல்லிக் கேட்டாள் என்று. உன் மகளும் இப்போது அதையே சொல்கிறாள். "எங்களை நெனச்சிருந்தா அம்மா மாத்திரை போட்டிருப்பா ஆன்ட்டி." நீ யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் ஒவ்வொரு தடவையும் காப்பியைக் குடித்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

நாளைக்கு ஞாயிறு. உன் வீட்டுக்குப் போகிறேன். நீ என்ன கேட்டாய், நான் என்ன சொன்னேன் என்று உன் மகளை உட்காரவைத்துச் சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு அவள் எனக்குக் கதவைத் திறக்காமலே போகலாம். போகட்டும். அவள் அம்மா பிடிவாதக்காரி இல்லை. என்னை நம்பினவள்.