துரை பாஸ், நான் பெயில்

அன்பு மிக்கவருக்கு,

நாங்கள் மூவரும் நலம். மூன்றாவது ஆள் யாரென்று குழம்ப வேண்டாம், நம் துரைதான். நாய்க்கு அந்தப் பெயரை வைத்தவர் நீங்கள். இப்போது துரை நிஜமாகவே உத்தியோகத்துக்குப் போகப் போகிறார்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையாக உட்காரும் நாய்களைப் பழக்கும் இடத்தில் அவனைச் சேர்த்ததாக எழுதியிருந்தேனே. அங்கே வித்தை எதுவும் கற்றுத் தருவதில்லை. சும்மா இருக்கத்தான் கற்றுத் தருகிறார்கள். முதுகுக்குப் பின்னால் பாத்திரத்தைத் தடாலென்று போடுகிறார்கள், மூக்குக்கு நேரே பிஸ்கட்டை நீட்டுகிறார்கள். வீட்டில் ஒரு செருப்பை விட்டுவைக்காதவன் அசையாமல் கிடக்கிறான். எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவனைத் தடவிக் கொடுத்தால் படபடப்பு அடங்குமாம். நாடி பிடித்தே பார்த்தேன், எனக்கு அடங்கியது.

கடைசித் தேர்வில் ஒரு குழந்தை நாய்க்குக் கதை வாசிக்க வேண்டும், நான் கயிற்றைப் பிடித்தபடி பேசாமல் உட்கார வேண்டும். நம் பாப்பாவையே அழைத்துப் போனேன். திக்குகிறாள் என்று வகுப்பில் சிரித்ததிலிருந்து இரண்டு மாதமாகப் பள்ளியில் வாய் திறக்காதவள், உங்கள் போனுக்குக்கூட வராதவள், துரைக்கு வாசிக்கச் சம்மதித்தாள். மூன்றாவது வரியில் ‘முதலை’யில் மாட்டிக்கொண்டாள். மனசு கேட்காமல் நான் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

பயிற்சி தருகிற அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். “துரை பாஸ், நீங்கதான் பெயில். அவன் காத்துக்கிட்டு இருந்தான். உங்களால முடியலையே.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் அவள் திக்கும்போதெல்லாம் நாம் இருவரும் ஆசையாகச் செய்துவந்தது இதைத்தானே.

நேற்று மறுதேர்வு. அதே கதை, அதே முதலை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். துரை அவள் முகத்தையே பார்த்துக் கிடந்தான். எவ்வளவு நேரமோ தெரியாது, அவளே சொன்னாள். பிறகு ஆறு பக்கம் வாசித்தாள். நானும் பாஸ்.

ஞாயிற்றுக்கிழமை தானே உங்களைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். ‘அப்பா’ என்பதிலேயே மாட்டக்கூடும். குளியலறையில் தனியாகச் சொல்லிப் பார்ப்பது காதில் விழுந்தது. லைன் போய்விட்டதென்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தாதீர்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், எவ்வளவு நேரமானாலும் அந்த ஒரு சொல்லை அவளே சொல்லட்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
பாப்பாவின் அம்மா