பேனா துள்ளக் கூடாது

4-3-75, செவ்வாய்

விடியலில் பனி, எட்டு மணிக்கே வெயில். பொன்னேரியில் பஸ் இல்லை. தவிட்டு லாரியில் தொற்றிக் கவரைப்பேட்டை ஃபாக்டரி. சட்டையெல்லாம் தூசி.

மேனேஜர் புது வேலை கொடுத்தார். சூட்டைப் பதியும் ரெக்கார்டர் சம்பந்தமான சொற்களைத் தமிழில் எழுதி லேப் சுவரில் ஒட்ட வேண்டுமாம், கெட்டில் என்கிற கொப்பரைகளில் பெயிண்ட் ரெசின் காய்ச்சும் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி. மத்தியானம் வரை எழுதியது:

சார்ட் – கெட்டிலின் சூட்டைப் பேனா கோடாக எழுதும் தாள்.
ஜீரோ – பேனா கிளம்பும் இடம்.
டிரிஃப்ட் – சூடு மாறாமலே பேனா தானாக நகர்ந்துபோவது.
டேம்பிங் – பேனா துள்ளாமல் அடக்கிவைப்பது.

தாசுவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் கெட்டிலில் ரெசின் காய்ச்சுகிறவன், கெட்டிக்காரன். கடைசிச் சொல்லுக்குச் சிரித்தான். "இன்னா சார், துள்றது சூடு. பேனாவ போயி அடக்குறீங்க?" வாய்த்துடுக்கு. டீ வாங்கிக் கொடுத்தேன்.

7-3, வெள்ளி

புழுக்கம். சிவப்பு மை தீர்ந்தது. இன்றைக்கு ஹெட் ஆபீஸ் பெரியவர் மெட்ராஸிலிருந்து வந்து சார்ட் பார்த்தார். போன தடவை கோடு கிறுக்கல் மாதிரி இருக்கிறதென்று மேனேஜரைக் காய்ச்சி எடுத்தாராம். காலையிலேயே மேனேஜர்: "கோடு நீட்டா இருக்கணும்யா. உன் வேலை கன்ஃபர்மேஷன் அவர் கையிலதான் இருக்கு."

ரெக்கார்டரின் டேம்பிங் குமிழை முழுக்கத் திருகினேன். கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. பெரியவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். சந்தோஷம்தான், மறைப்பானேன். திருவள்ளூருக்கு, அப்பாவுக்கு ஒரு கார்டு. குமிழ் அப்படியே இருக்கட்டும், பார்க்க அழகாக இருக்கிறது.

10-3, திங்கள்

 

காலை பதினொன்றரை. தாசு கத்தியது லேப் வரை கேட்டது. "சூடு ஏறிக்கினே போவுது! அல்லாரும் தள்ளிப் போங்க!" அழுத்தத்தை வெளியே விட வால்வைத் திறந்தான். கொதிக்கிற ரெசின் முகத்தில், கையில். கூட இருந்த ஏழு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. தாசுவை வேனில் போட்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு.

ஓடிப்போய்ச் சார்ட்டைப் பார்த்தேன். கோடு நேர். ஒரு மேடு கூட இல்லை. சூடு சடாரென்று ஏறி, வால்வு திறந்ததும் இறங்கியிருக்கிறது. டேம்பிங்கை முழுக்க ஏற்றி, அந்த வேகத்துக்குப் பேனாவை நான் ஓட விடவில்லை. கெட்டிலில் சூடு காட்டும் முள் மானி நொறுங்கிவிட்டது. இனி சாட்சி இந்தத் தாள் ஒன்றுதான்.

குமிழைப் பழைய இடத்தில் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

13-3, வியாழன்

விசாரணை. மேனேஜர், பெரியவர், டைப்பிஸ்ட். சூடு ஏறியிருந்தால் தாசு வால்வைத் திறந்தது சரி. ஏறாமலே திறந்திருந்தால் அஜாக்கிரதை, வேலை போகும். கேள்வி அவ்வளவுதான்.

டிரிஃப்ட் இருந்ததா? – இல்லை.
ஜீரோ? – சரியாக இருந்தது.
டேம்பிங் என்றால்? – பேனா துள்ளாமல் அடக்குவது.

குமிழ் எங்கே இருந்தது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சார்ட்டை நம்பலாமா? – நம்பலாம்.

வெளியே வந்தால் கெட்டில் ஆட்கள். என் காதுபட ஒருத்தன்: "அவன் கத்துனது ஊரெல்லாம் கேட்டுச்சு. ஐயருக்கு மட்டும் காயிதம் சொன்னாத்தான் கேக்கும்." நான் ஐயர் இல்லை, ஐயங்கார் என்று போன மாதம்கூடத் திருத்தினேன். இன்று தோன்றவில்லை.

சாயங்காலம் கன்ஃபர்மேஷன் ஆர்டர் கைக்கு வந்தது. கோழைப் பயல் நான்.

16-3, ஞாயிறு

கடும் வெயில். ஆஸ்பத்திரி. நான்கு ஆரஞ்சு. உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். ரயிலில் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

தாசுவின் மனைவி மேரி வராந்தாவில் மறித்தாள். "ரெண்டு கண்ணும் போச்சு சார். அதுக்கு இன்னும் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க."

கட்டுப் போட்ட முகம். என் குரல் கேட்டதும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"சார், படுத்துக்கினே ரோசன பண்றேன். பைப்பத் தொட்டேன், சுட்டுச்சு. அப்படித்தான் நெனப்பு. காயிதத்துல ஏறவேயில்லன்னு கீதாமே. மெசினு பொய் சொல்லுமா? எனக்குத்தான் புத்தி பெசகிப்போச்சா?"

"தூங்கு தாசு."

"இல்ல சார். நீங்க படிச்சவரு. சூடு ஏறுச்சா, ஏறலையா?"

மேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறலை" என்றேன்.

 "அப்ப அந்த ஏழு பேரையும் நான்தான் சும்மானாச்சும் பேஜாரு பண்ணிட்டேன். என் பேரச் சொல்லி மன்னிப்பு கேட்டுடுங்க சார்" என்றான்.